கருவி கண்டுபிடித்துவிடும், பார்வை பிழைக்குமா?

புது தில்லி: சர்க்கரை நோய்க்கான மாத்திரை வாங்க அரசு குடும்ப சுகாதார மையத்துக்கு ஒருவர் வருகிறார். மருந்துச் சீட்டுடன் அவர் காத்திருக்கும் நேரத்தில், செவிலியர் அவரது இரு கண்களின் உட்புறத்தையும் சிறிய கேமரா ஒன்றில் படமெடுக்கிறார். விழித்திரையில் நோய் இருக்கிறதா, மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்பதைச் சில நிமிடங்களுக்குள் கணினி நிரல் சொல்லிவிடுகிறது. அந்தக் கட்டடத்தில் கண் மருத்துவர் எவரும் இல்லை. அப்போதைக்கு அவர் தேவைப்படவும் இல்லை.

திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு கேரள அரசு 2025-ஆம் ஆண்டில் தொடங்கிய "நயனாமிர்தம் 2.0" திட்டத்தின் சாரம் இதுதான். பெங்களூரைச் சேர்ந்த ரெமிடியோ நிறுவனத்தின் கேமராவும் செயற்கை நுண்ணறிவு நிரலும் இதில் பயன்படுத்தப்படுகின்றன. சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பு, கண் அழுத்த நோய், முதுமையில் வரும் மாகுலா சிதைவு ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே கண்டறிவது திட்டத்தின் நோக்கம்.

ஒரு மாநிலத்தின் சுகாதாரத் திட்டமாகத் தோன்றினாலும், தில்லியில் சுகாதாரக் கொள்கை வகுப்போர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டிய காரணங்கள் உண்டு. கண்ணைப் பரிசோதிக்கும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. கருவி "நோய் உண்டு" என்று சொன்ன பிறகு அந்த நோயாளிக்கு என்ன நேர்கிறது என்ற அடுத்த கேள்விக்குத்தான் இன்னும் தெளிவான விடை இல்லை.

நான்கில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை 10.1 கோடி என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பாதிப்பு விகிதத்தில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடத்திலும், புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் இரண்டாவது இடத்திலும் இருந்தன. கேரளம் 25.5 சதவீதத்துடன் அடுத்த இடத்தைப் பிடித்தது. அதாவது, கேரளத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு சர்க்கரை நோய் உள்ளது.

இவர்கள் அனைவருக்கும் கண் கெட்டுவிடும் என்பதில்லை. 2022-இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வின்படி, 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் 12.5 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் 4 சதவீதம். நூற்றுக்கு நான்கு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். கோடிகளில் கணக்கிடும்போது, இந்தியாவில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அந்த விளிம்பில் நிற்கின்றனர்.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருக்கும்போது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமடைந்து, புடைத்து, கசியத் தொடங்குகின்றன. பின்னர் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டம் வரை வலியோ, சிவப்போ, பார்வைக் குறைவோ இல்லாமல் இருக்கக்கூடும். கண் மங்குகிறது என்று நோயாளி தாமாக மருத்துவரிடம் வரும்போது இழந்ததில் பெரும்பகுதியை மீட்க முடிவதில்லை.

உரிய நேரத்தில் கண்டறிந்தால் நிலைமை வேறு. லேசர் சிகிச்சையால் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்க முடியும் என்பதை அமெரிக்காவில் 1970-களில் நடந்த பெரும் ஆய்வு நிறுவிவிட்டது. கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசி மருந்துகளும் பின்னர் பயன்பாட்டுக்கு வந்தன. மருந்து இருக்கிறது, நோயாளி உரிய காலத்தில் அதனிடம் வந்து சேருவதில்லை என்பதே அரை நூற்றாண்டுப் பிரச்னை.

திருவனந்தபுரத்தின் முன்னோட்டம்

கேரளம் இந்தப் பணியைச் செயற்கை நுண்ணறிவுடன் தொடங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த விழித்திரை நிபுணர் ஷோபா சிவபிரசாத் தலைமையிலான "ஆர்னேட் இந்தியா" ஆய்வுத் திட்டத்துடன் இணைந்து, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 16 குடும்ப சுகாதார மையங்களில் முதல் "நயனாமிர்தம்" நடத்தப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் படமெடுத்தனர். அந்தப் படங்கள் இணையம் வழியாகத் திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலக் கண் மருத்துவ நிறுவனத்துக்குச் சென்றன. அங்கே பயிற்சி பெற்றோர் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தனர்.

இதற்கு அடித்தளமாக அமைந்தது 2017-இல் தொடங்கப்பட்ட "ஆர்த்ரம்" இயக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாகத் தரம் உயர்த்தும் பணி அதன்கீழ் நடந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கு மாதந்தோறும் மருந்து வாங்க வருவோரின் பட்டியல் அந்த மையங்களில் உண்டு. 2022-இல் அறிமுகமான "ஷைலி" செயலியின் மூலம், 30 வயதைக் கடந்தோரின் உடல்நிலை விவரங்களை ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பதிவு செய்தனர். யாருடைய கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற பட்டியல் அரசின் கையிலேயே இருக்கும் மாநிலங்கள் இந்தியாவில் மிகச் சில.

இந்த ஏற்பாட்டில் நெருக்கடியான இடம் ஒன்றே. படமெடுப்பவர்கள் பலர், படிப்பவர்கள் சிலர். மையங்களின் எண்ணிக்கை கூடக் கூட, படிப்போரின் மேசையில் படங்கள் குவியும். முடிவு தெரிய நாள்கள் ஆகும். அதற்குள் நோயாளி வீடு திரும்பிவிடுவார். கருவி நிரப்பக்கூடிய இடைவெளி இதுவே.

மதுரையும் சென்னையும் கற்பித்த பாடம்

விழித்திரைப் படத்தைக் கணினி படிக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றில் தமிழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. 1,28,175 விழித்திரைப் படங்கள், 54 கண் மருத்துவர்களின் தீர்ப்புகள் ஆகியவற்றைக் கொண்டு அந்த நிரல் பயிற்றுவிக்கப்பட்டது. அமெரிக்கப் படங்களுடன் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் இடம்பெற்றிருந்தன.

புடைப்பு எப்படி இருக்கும், கசிவு எப்படி இருக்கும் என்று கணினிக்கு விதிகள் சொல்லித் தரப்படவில்லை. படத்தையும் மருத்துவரின் தீர்ப்பையும் லட்சம் முறைக்கு மேல் இணைத்துக் காட்டியபோது, வேறுபாடுகளை அது தானே கற்றுக்கொண்டது. பல்லாயிரம் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரின் கண் பெறும் தேர்ச்சியைப் போன்றது இது. ஆனால், எதைக் கற்பித்தார்களோ அதை மட்டுமே அது அறியும்.

ஆய்வுக்கூடத்தில் தேறிய நிரல் மருத்துவமனையிலும் தேறுமா என்ற ஐயம் அப்போது எழுந்தது. அரவிந்த் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நோயாளிகளில் முறையே 88.9 சதவீதம், 92.1 சதவீதம் பேரைக் கருவி சரியாகக் கண்டறிந்தது. பயிற்சி பெற்ற மனிதர்களின் தரத்துக்கு இது இணையாகவோ மேலாகவோ இருந்தது. பின்னர் தமிழகத்தின் பல இடங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இந்த நிரல் பயன்படுத்தப்பட்டதையும், கடுமையான நோயைக் கண்டறிவதில் அதன் தரம் நிலைத்திருப்பதையும் 2025-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இதனிடையே 2018 ஏப்ரலில், மருத்துவரின் பார்வைக்குச் செல்லாமலேயே முடிவு சொல்லும் முதல் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியிருந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையமும் "மதுநேத்ர ஏஐ" என்ற கருவியின் உருவாக்கத்தில் ஈடுபட்டது. தொழில்நுட்பம் முதிர்ந்துவிட்டது என்பதில் இனி பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஒரு சிறு கணக்கு

எனினும், "95 சதவீதம் துல்லியம்" என்று கேட்டவுடன் மனதில் எழும் சித்திரமும் களத்தில் நிகழ்வதும் ஒன்றல்ல. ஒரு சுகாதார மையத்தில் 1,000 சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதிப்பதாகக் கொள்வோம். அவர்களில் பார்வையை இழக்கும் அபாயத்தில் உள்ளவர்கள் 4 சதவீதம், அதாவது 40 பேர். நோயுள்ளவர்களில் 95 சதவீதத்தினரைக் கருவி பிடித்துவிடுகிறது, நோயற்றவர்களிலும் 95 சதவீதத்தினரை நோயற்றவர் என்றே சொல்கிறது எனக் கொண்டால், 38 பேர் சரியாகக் கண்டறியப்படுவர், இருவர் தவறவிடப்படுவர். மீதமுள்ள 960 பேரில் 48 பேருக்கு, அபாயம் இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லப்படும். ஆக, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் 86 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அபாயம் இல்லாதவர்கள்.

இது கருவியின் குற்றமன்று. அரிதான ஒன்றைப் பெருங்கூட்டத்தில் தேடும் எந்தச் சோதனைக்கும் உரிய இயல்பு இது. மனிதர் படித்தாலும் இதே கணக்குத்தான். ஆனால், அனுப்பப்படும் ஒவ்வொருவரையும் பார்க்க மருத்துவமனையில் மருத்துவர் வேண்டும் என்பதைத் திட்டமிடுவோர் மறக்கலாகாது. ஒரே படத்தில் மூன்று நோய்களைத் தேடும்போது இந்தச் சுமை மேலும் கூடும். கண் அழுத்த நோயைப் பொருத்தவரை, படத்தில் பார்வை நரம்பின் தோற்றத்தைக் கொண்டு ஐயம் மட்டுமே எழுப்ப முடியும். உறுதி செய்ய, கண்ணின் அழுத்தத்தையும் பார்வைப் பரப்பையும் தனியே சோதிக்க வேண்டும்.

படமே தெளிவாக அமையாத கண்களும் உண்டு. கண்புரை உள்ள முதியவர்களின் விழித்திரை கேமராவில் மங்கலாகவே தெரியும்; சிறிய கண்மணியும் அறையின் வெளிச்சமும் படத்தைக் கெடுக்கும். தாய்லாந்தில் 11 மருத்துவ மையங்களில் கூகுள் நிரலின் பயன்பாட்டை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு இதை வெளிப்படையாகப் பதிவு செய்தது. அங்கே நிரலுக்குள் செலுத்தப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தைப் "படிக்க இயலாது" என்று அது ஒதுக்கிவிட்டது. ஒரு நாள் இணைய இணைப்பு இரண்டு மணி நேரம் துண்டிக்கப்பட்டதால், 200 பேரைப் பரிசோதிக்க வேண்டிய முகாமில் 100 பேரை மட்டுமே பரிசோதிக்க முடிந்தது. தொலைவில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தயங்கி, பரிசோதனையையே தவிர்க்க நினைத்தவர்களும் இருந்தனர்.

இணையம் இல்லாமலும் இயங்கும் நிரல்களை இந்திய நிறுவனங்கள் உருவாக்கியிருப்பதால் இணைப்புச் சிக்கலுக்கு ஓரளவு தீர்வு உண்டு. கடைசியாகக் குறிப்பிடப்பட்ட தயக்கத்துக்கு நிரலில் தீர்வு இல்லை.

பரிசோதனைக்குப் பின்

பாறசாலையிலோ நெடுமங்காட்டிலோ கூலி வேலை செய்யும் ஒருவரிடம், "கண்ணில் நோய் இருக்கிறது, திருவனந்தபுரம் செல்லுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது எளிது. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. போனால் ஒரு நாள் கூலி போகும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அவரது கூலியும் போகும். லேசர் ஒரே நாளில் முடியாமல் போகலாம். ஊசி மருந்து என்றால் பல மாதங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். வலி இல்லாத நோய்க்காக இவ்வளவையும் ஏற்க ஒருவர் தயங்குவது அறியாமை என்று ஒதுக்கத்தக்கதன்று. அவரது வாழ்க்கைக் கணக்கு அது.

இந்தக் கணக்கை மாற்றிக் காட்டிய முன்னுதாரணம் இங்கிலாந்து. அங்கே 2003 முதல் சர்க்கரை நோயாளிகள் அனைவரையும் ஆண்டுதோறும் பெயர் சொல்லி அழைத்துக் கண் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் கட்டியெழுப்பப்பட்டது. வராதவருக்கு மீண்டும் அழைப்பு அனுப்பப்படும். நோய் கண்டவர் எத்தனை நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தார் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதன்மைக் காரணமாகக் குறைந்தது அரை நூற்றாண்டு காலம் இருந்துவந்த சர்க்கரை நோய், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த இடத்தை இழந்துவிட்டதாக 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆய்வாளர்கள் அதற்கான காரணங்களில் ஒன்றாக இந்தப் பரிசோதனைத் திட்டத்தைக் குறிப்பிட்டனர்.

அந்தத் திட்டத்தில் படங்களைப் படித்தவர்கள் மனிதர்கள். ஸ்காட்லாந்து 2011 வாக்கில் கணினியைச் சேர்த்துக்கொண்டபோதும், "நோயில்லை" என்று தெளிவாகத் தெரியும் படங்களைக் கழிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தியது. மற்றவை மனிதரிடமே சென்றன. பெயர்ப் பட்டியல், திரும்ப அழைத்தல், சிகிச்சை வரை பின்தொடர்தல் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் கருவி வேகத்தைக் கூட்டும். அவை இல்லாத இடத்தில், நோயாளிகளின் பட்டியலை நீளமாக்குவதுடன் அதன் பணி முடிந்துவிடும்.

தில்லியின் பொறுப்பு

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனால், கருவிகளுக்கான விதிகளும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் மத்திய அரசின் கையில் உள்ளன. நோயைக் கண்டறியும் மென்பொருளும் மருத்துவக் கருவியே என்பதை 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளும், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையும் தெளிவுபடுத்தின. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-இல் வெளியிட்டது. அதே ஆண்டு தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இவற்றுக்கு இடையே சில கேள்விகள் விடையின்றி நிற்கின்றன. "நோயில்லை" என்று கருவி சொல்லி அனுப்பிய ஒருவர் பின்னர் பார்வை இழந்தால் பொறுப்பேற்பது யார்? படமெடுத்த செவிலியரா, நிரலை விற்ற நிறுவனமா, வாங்கிய அரசா? அரசு மையங்களில் எடுக்கப்படும் லட்சக்கணக்கான விழித்திரைப் படங்களைக் கொண்டு தனியார் நிறுவனம் தன் அடுத்த நிரலை மேம்படுத்தினால், அதன் பயனில் அந்த நோயாளிகளுக்கும் மாநிலத்துக்கும் பங்கு உண்டா? கேமரா மாறினாலோ நிரல் புதுப்பிக்கப்பட்டாலோ, மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்திகள் அல்ல இவை. நாடு முழுமைக்கும் பொதுவான விடை தேவை.

அளக்க வேண்டியது எது?

அரசுத் திட்டங்களின் வெற்றி வழக்கமாக எண்ணிக்கையில் சொல்லப்படுகிறது: இத்தனை மையங்கள், இத்தனை கேமராக்கள், இத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை. கருவி வந்தபின் இந்த எண்களை உயர்த்துவது மிக எளிதாகிவிடும். ஆபத்தும் அதில்தான் உள்ளது. பரிசோதிக்கப்பட்டவர் எண்ணிக்கை பத்து மடங்காகி, சிகிச்சை பெற்றவர் எண்ணிக்கை மாறாதிருந்தால், அதைச் சாதனை என்று சொல்ல இயலாது. நோய் இருப்பதாக அறிந்த பிறகும் பார்வை இழந்தவர்களின் எண்ணிக்கையே கூடியிருக்கும்.

எனவே, கேரளம் வெளியிட வேண்டியவை வேறு நான்கு எண்கள். படம் தெளிவில்லாமல் போனவர்கள் எத்தனை பேர். அனுப்பப்பட்டவர்களில் கண் மருத்துவரைச் சென்று பார்த்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் லேசர் அல்லது ஊசி தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளில் பெற்றனர். கருவி தவறவிட்டவர்கள் எத்தனை பேர். கடைசி எண்ணை அறிய, "நோயில்லை" என்று சொல்லப்பட்ட படங்களிலும் ஒரு பகுதியை மனிதக் கண்கள் அவ்வப்போது மறுபடி பார்க்க வேண்டும். தமிழகத்தில் 6 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு, ஒரு சிறு பகுதியை எடுத்து அவ்வாறே சோதித்தது. அதை அரசுத் திட்டத்திலும் நிரந்தர ஏற்பாடாக்குவது கடினமன்று.

இதைச் செய்து காட்டக்கூடிய வாய்ப்பு மற்ற மாநிலங்களைவிடக் கேரளத்துக்கு அதிகம். வீடு வீடாகச் சென்று எடுத்த பட்டியல் இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்க ஆஷா பணியாளர் இருக்கிறார். படம் படித்துப் பழகிய மண்டலக் கண் மருத்துவ நிறுவனம் தலைநகரிலேயே இருக்கிறது. கருவியால் விடுவிக்கப்படும் அந்தப் பயிற்சி பெற்றோரின் நேரம், வராமல் போன நோயாளியைத் தேடுவதற்கும், தாலுகா மருத்துவமனை வரை லேசர் சிகிச்சையைக் கொண்டு செல்வதற்கும் திருப்பிவிடப்பட்டால், கருவிக்குச் செலவிட்ட பணம் பொருளுள்ளதாகும்.

சர்க்கரை நோயில் கேரளத்தைப் பின்தொடர்ந்து வரும் மாநிலங்கள் பல. கேமராவையும் நிரலையும் எந்த மாநிலமும் ஒப்பந்தப் புள்ளி கோரி ஓராண்டில் வாங்கிவிடலாம். "சென்று பாருங்கள்" என்று சீட்டு கொடுக்கப்பட்டவர் சிகிச்சை முடித்துத் திரும்பினாரா என்று விசாரிக்கும் பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. திருவனந்தபுரத்தின் முயற்சி நாட்டுக்கு வழிகாட்டியாக அமையுமா என்பதை அந்த விசாரிப்பே தீர்மானிக்கும்.